பொன்னாடைக்குப் பிறகு கேட்கலாம் என்றாய், அக்கா

என் அன்பு ஸ்ரெல்லா அக்காவுக்கு,

சனிக்கிழமை உன் ஆண்டு நினைவுப் பூசை. கோயிலில் சனம் குறைவு. பிறகு மண்டபத்தில் இருக்கக் கதிரை இல்லை, ஏனென்றால் மண்டபத்துக்குத் தயாபரன் வருகிறார் என்று எங்கள் தமிழ் மன்றம் அறிவித்திருந்தது. உன் படத்துக்கு ஒரு மாலை. பாராளுமன்ற உறுப்பினருக்கு மாலையும் பொன்னாடையும்.

இந்தக் கடிதத்தை மன்றத்தின் மலருக்குத்தான் கொடுக்கப் போகிறேன். போடுவார்களோ தெரியாது. போடாவிட்டால் உனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்.

தயாபரனைக் கண்டுபிடித்தது நீ. மாணவனாக வந்து வாடகை அறையில் நூடில்ஸ் அவித்துக்கொண்டிருந்தவனை உன் குசினிக்குக் கூட்டி வந்து சோறு போட்டாய். நகரசபைக்குப் போட்டியிட்டபோது அவன் "எங்கட பிள்ளை" ஆனான். பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது "டேவ்" ஆனான். பதாகையில் தயாபரன் என்று எழுதினால் வாசித்து முடிக்குமுன் கார் கடந்துவிடும் என்று கட்சியில் சொன்னார்களாம். இரட்டைக் குடியுரிமையோடு இங்கே பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்பதால் இலங்கைக் குடியுரிமையையும் சட்டப்படி துறந்தான். அந்த நாட்டைக் கைகழுவ அவனுக்கு ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அந்தப் பதாகைகளை வேலி வேலியாகக் கட்டியவன் அருள். உன்னை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அருள் எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பெடியன், அகதியாக இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் அவன் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய நீ மீன்குழம்போடு அங்கே போவாய். அகதி வழக்கு முடியும்வரை என்று வெளியே விட்ட பிறகு உன் வீட்டுப் பின்னறையில் இருந்தான். தற்காலிக விசா, நிரந்தரப் பயம். அவனுக்கு இங்கே வாக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, வாக்கு உள்ள எங்கள் எல்லாரையும்விட அதிகமாக ஓடினான்.

தேர்தல் நாள் நினைவிருக்கிறதா? வாக்களிக்கிற பள்ளிக்கூட வாசலில், இந்த நாட்டுத் தேர்தல் வழமைப்படி சொசேஜ் சுடுகிற புகைக்குள், யாருக்கு வாக்களிப்பது என்று சொல்லும் அட்டைகளை நீட்டிக்கொண்டு நின்றாய். மற்றக் கட்சிக்காரருக்கும் நீ பொரித்த ரோல்ஸ் கொடுத்தாய். தயாபரன் வென்ற செய்தி வந்ததும் உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அருளின்ர கேஸ் இனி என்ர கேஸ்."

நீ அழுதாய். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

வென்ற பிறகு அவரை "அவர்" என்றுதான் எழுத வேண்டும், மன்னித்துக்கொள். கன்னிப்பேச்சை "வணக்கம்" என்று தொடங்கினார். ஒரு பெட்டியோடு வந்து இறங்கியதைச் சொன்னார். காத்திருப்பது என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். அந்த ஒரு வணக்கத்துக்காக மன்றம் விழா எடுத்தது. பொன்னாடை போர்த்தியது. பிறகு ஏதோ குழுவில் உறுப்பினரானார், அதற்கும் ஒரு பொன்னாடை. இரண்டு முறையும் அருளின் விஷயத்தைக் கேட்கச் சொல்லி நான் உன் காதைக் கடித்தேன். இரண்டு முறையும் நீ ஒரே பதில்தான் சொன்னாய்.

"பொன்னாடை போர்த்துற நாளில கேட்டா, அதுக்காகத்தான் போர்த்தினம் எண்டு நினைப்பான். எங்கட பிள்ளை, அவனுக்குத் தெரியாதே?"

எதற்காகப் போர்த்தினோம் அக்கா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. உலகத்தில் மற்றச் சனங்கள் காரியம் முடிந்த பிறகு நன்றி சொல்லும். நாங்கள் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறோம். பிறகு காரியத்தைக் கேட்பது மரியாதை இல்லை என்று வாயைப் பொத்திக்கொள்கிறோம். இப்படி ஒரு வாக்காளர் கூட்டம் எந்தக் கட்சிக்குத்தான் கசக்கும்?

நீ இல்லாத இந்த வருடத்துச் செய்தி இனித்தான். ஆட்களைத் திருப்பி அனுப்புவதை இலகுவாக்கும் சட்டமூலம் ஒன்று வந்தது. நான் நேரலையில் பார்த்தேன். ஆம் என்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்கம், இல்லை என்பவர்கள் இடப்பக்கம். எங்கட பிள்ளை வலப்பக்கம் இருந்தார். பக்கத்துக் கதிரைக்காரர் ஏதோ சொல்ல, நல்ல வடிவாகச் சிரித்தார். தான் அவ்வளவு முறையாகத் துறந்துவிட்டு வந்த நாட்டுக்கு, மற்றவர்களைத் தாராளமாக அனுப்பலாம் என்பது அவர் முடிவு.

அருளின் கடைசி மேன்முறையீடும் தோற்றது. வழமைபோலக் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனவனை அங்கேயே மறித்துக்கொண்டார்கள். திரும்பவும் வில்லாவுட். எந்தக் கிழமையும் விமானத்தில் ஏற்றலாம் என்று வக்கீல் சொல்கிறார். குடிவரவு அமைச்சர் மனது வைத்தால் மட்டும் நிற்கும். அமைச்சரிடம் கேட்கக்கூடியவராக எங்களுக்கு ஓர் ஆள்தான் இருக்கிறார். அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். தனிநபர் விவகாரங்களில் உறுப்பினர் கருத்துச் சொல்வதில்லை என்று அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை அன்பாகச் சொல்லித் தண்ணீர் தந்தது.

ஆகவே சனிக்கிழமை, உன் தம்பி என்ற முறையில் பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட்டபோது, மறுக்காமல் மேடை ஏறினேன். போர்த்துகிற அந்தக் கணத்தில்தான் உதவியாளர் யாரும் இல்லாமல் ஓர் உறுப்பினரின் காதுக்குக் கிட்டப் போகலாம். தோளில் துணியை இழுத்துவிட்டபடி சொன்னேன்.

"தயா, அருளை அனுப்பப் போறாங்கள். அமைச்சரிட்ட நீர் ஒருக்கா கேளும்."

அவர் முகம் கமராவை விட்டுத் திரும்பவில்லை. சிரிப்பும் குறையவில்லை.

"அண்ணை, படம் எடுக்கினம்."

அவ்வளவுதான். பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசினார். உன் ரோல்ஸைப் பற்றி, உன் பெரிய மனதைப் பற்றி. அருளைப் பற்றி ஒரு சொல் இல்லை. சனம் கண் கலங்கியது. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்று போனார். பொன்னாடையைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் எப்போதும் விட்டுவிட்டுத்தான் போவார். மன்றத்தார் அதை மடித்து அலுமாரியில் வைத்து அடுத்த பிரமுகருக்கு எடுப்பார்கள். மூன்று முறையும் அவருக்குப் போர்த்தியது ஒரே துணி. முதல் இரண்டு முறையும் நீதானே ஸ்திரி போட்டுக் கொடுத்தாய்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிய வில்லாவுட் போனேன். இப்போது வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள் இல்லை, சீல் உடைக்காத பிஸ்கட்தான். அருள் மெலிந்துவிட்டான். முதல் கேள்வியே இதுதான்.

"தயா அண்ணையைக் கண்டனீங்களோ? என்ன சொன்னவர்?"

உன்னைப்போல "செய்வான்" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் பிஸ்கட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படம் வடிவா வந்ததோ அண்ணை?" என்றான்.

அக்கா, அடுத்த மாதம் ஓர் அமைச்சரே மண்டபத்துக்கு வருகிறாராம். மன்றத்தார் பொன்னாடையைத் தேடுகிறார்கள். தேட வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை அந்தக் கதிரையிலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். அந்த அமைச்சரிடம் அருளுக்காக யாராவது வாய் திறந்து கேட்கும்வரை தரமாட்டேன். அவன் வெளியே வருகிற நாளில் வில்லாவுட் வாசலில் அவனுக்கே போர்த்துவேன். அனுப்பிவிட்டார்களென்றால், மன்றம் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். நீ ஸ்திரி போட்ட துணி இனி எந்தப் பிரமுகரின் தோளிலும் ஏறாது.

இது உனக்கு நான் தருகிற வாக்கு. எங்கள் வீட்டில் வாக்குக் கொடுத்தால் அதற்கு ஒரு பெறுமதி இருந்தது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
நீ சொல்லியும் வாயைப் பொத்தாத உன் தம்பி,
யோசேப்பு