பிரேக் மாதத்தின் வாடகை

அன்புத் தங்கச்சி வசந்தாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு உன்னிடம் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கூட்டுறவுத் தணிக்கையில் காலம் கழித்தவனுக்கு ஒரு வழிதான் தெரியும். நீ சிரித்தாலும் பரவாயில்லை, வரிசை போட்டுவிடுகிறேன்.

1. நீ கொண்டுவந்த பிரேக் மாத வழக்கத்தை நிறுத்திவிட்டோம்.
2. நிறுத்தச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல.
3. இசக்கி வீட்டைக் காலி செய்கிறாள்.
4. நீ இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

இதை வெளியாட்களும் படிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மண்ணூர்ப் பக்கம் அரசு நிலத்தில், கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் கட்டிய வாடகைக் குடியிருப்பு நம்முடையது. வெளியே கேட்கிற வாடகையை நினைத்தால் இங்கே குறைவு. பராமரிப்புச் செலவெல்லாம் அந்த வாடகையிலிருந்துதான். கான்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி தொடர்ந்து வைத்துக்கொள்வதில்லை. நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது கூப்பிடும். அதற்குப் பெயர் பிரேக். பிரேக்கில் இருக்கிற வீட்டுக்கு அந்த மாதம் வாடகை இல்லை, மற்ற வீடுகள் அதைச் சுமக்கும் என்று நீ குடியிருப்புக் குழுவுக்குத் தலைவியாக இருந்தபோது ஒரு வழக்கம் செய்தாய். பதிலுக்கு அந்த வீட்டார் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிடுவார்கள். யாரும் யாருக்கும் தருமம் செய்ததாக நினைக்கவில்லை.

அப்போது பர்மனென்ட் ஆட்கள் நிறையப் பேர். பலர் சேர்ந்து சிலரைச் சுமந்தார்கள். இப்போது கதவைத் தட்டினால் வீட்டுக்கு ஒரு கான்ட்ராக்ட். சிலர் சேர்ந்து பலரைச் சுமக்க முடியுமா? தண்ணீர் மோட்டார் எரிந்துபோய், சரிசெய்யக் கையில் எதுவும் இல்லாமல் கிடந்தது. கழிவுநீர் லாரிக்காரர், பழைய பாக்கி இருப்பதால், கூப்பிட்டால் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டோம். உன் இடத்தில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். படித்தவர், வசந்தா அக்காவோட அண்ணன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கீழ்வீட்டு தனசேகர் எழுந்தான். கார் கம்பெனியில் பர்மனென்ட், இந்த ஊர்க்காரன், உனக்குச் செல்லப்பிள்ளை.

"நான் இன்னா பாவம் பண்ணேன் சார்? பர்மனென்ட் ஆனது ஒரு குத்தமா? மாசா மாசம் கட்டிக்கினு வரேன். என் பொண்ணு கேன் தண்ணியில குளிச்சிட்டு ஸ்கூலுக்குப் போவுது. OT பாத்து வாங்கற காசு எல்லாம் அட்த்த வூட்டு வாடகைக்கா?"

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப நீ பிரேக் வாங்கிக்கோ தனா, கம்பெனில உன் லைன்ல நான் நிக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தனசேகரும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை.

என்னைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன். "சார், நீங்க தலைவரா, அம்பயரா?" என்றான் தனசேகர். வழக்கத்தை நிறுத்தலாம் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். கைகள் உயர்ந்தன. வழக்கம் அதோடு முடிந்தது. இனி எல்லா வீட்டுக்கும் எல்லா மாதமும் வாடகை. அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? மோட்டார் இப்போது ஓடுகிறது. தண்ணீர் வருகிறது.

மூன்றாம் மாடி இசக்கிக்குப் பிரேக் தொடங்கியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், தனியாக மகளை வைத்துக்கொண்டு இருப்பவள். உனக்கு நான் சொல்லவேண்டுமா? வாடகையைப் பிறகு சேர்த்துக் கட்டலாம், குழுவிடம் பேசுகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"திரும்பக் கூப்பிட்டாத்தானே அண்ணாச்சி கட்ட முடியும்? கூப்பிடாமப் போனா? கடனோட வீட்டுல இருக்கதுக்கு, வீடே இல்லன்னு போயிரலாம்."

மகளை ஊரில் தன் அம்மாவிடம் விடப்போகிறாள். இவள் படப்பையில் நான்கு பெண்களோடு ஒரு அறையில் இடம் பார்த்திருக்கிறாள். அங்கே பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அந்தக் குழந்தை இங்கே பள்ளியில் இப்போதுதான் ஒட்டியிருந்தது. தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட்டுத்தான் ஒரு மோட்டாரைச் சரிசெய்ய வேண்டுமா? வேறு கணக்கு எனக்குத் தெரியவில்லையே. குடியிருப்பைக் கட்டிய கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், பெரிய பழுதுச் செலவையாவது வாடகையிலிருந்து பிரித்து நீங்கள் ஏற்கக் கூடாதா என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். அவ்வளவுதான்.

இன்று காலை இசக்கி சொல்லிக்கொள்ள வந்தாள். "வசந்தா இருந்திருந்தால்..." என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"அக்காவே சொல்லிருக்காவ அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி. பர்மனென்ட் ஆளு கொறைஞ்சிட்டே வருது, இத நான் எத்தன நாளு ஓட்டுவேன்னு தெரியலடி, எதுக்கும் வேற எடம் பாத்து வச்சுக்கன்னு. அவியளும் என்னதான் செய்வாவ?"

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். என்னிடம் ஏன் நீ சொல்லவில்லை? பயந்துவிடுவேன் என்றா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அவளைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டால், அப்போது இங்கே முதலில் காலியாகிற வீடு அவளுக்கும் மகளுக்கும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்பேன். தனசேகரைப் போல உட்காராமல் நின்றுகொண்டே கேட்பேன். ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது.

நான்காவதாக எழுதியது தவறு, வசந்தா. நீ இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். எல்லாவற்றையும் உன்மேல் ஏற்றிவைத்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருக்கப் பார்த்தேன்.

உன் அண்ணன்,
சபாபதி