ப்ளஸ் மைனஸை மாத்தி மாட்டிட்ட

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஜெர்கினைத் துவைக்க எடுத்தேன். நீ போய் எட்டு மாதமாகியும் அதற்கு மனசு வரவில்லை. காய்ந்த இரும்பும் தைலமரப் புகையும் கலந்த உன் வாசனை இன்னும் அதில் இருந்தது. உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு டங்ஸ்டன் கம்பி, வெல்டிங் டார்ச்சின் முனையில் மாட்டுவது. நுனி கூராக இல்லை. உருகி, மிளகு மாதிரி உருண்டு நின்றது. அது எந்த நாளின் கம்பி என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சோப்புக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் இருவர் வேலையையும் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கொடைக்கானல் பஜாருக்குப் பின்னால், உன் முதலாளி பாயின் பட்டறையில் நீ ஆர்கான் வெல்டிங் வைத்தாய். மலைக்குக் கீழே கல்லூரியில் நான், அதே வெல்டிங்கில் அந்தக் கம்பியின் நுனிக்கு எவ்வளவு சூடு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டேன். கம்பி ஒன்றுதான். சிலோன் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்த அப்பாவுக்கு இரண்டுமே விளங்கவில்லை. "ஒருத்தி நெருப்பப் புடிச்சிருக்கா, இன்னொருத்தி நெருப்பப் பத்திப் படிக்கிறா" என்று நம் ஊர் பள்ளங்கி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல்முறை நீ என் கையில் கருப்புக் கண்ணாடியைக் கொடுத்த காலை ஞாபகமிருக்கிறதா? வெளியே ஒன்றும் தெரியாத மூடுபனி. காற்று வந்து ஆர்கான் வாயுவைக் கலைக்காமலிருக்கச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருந்தாய். "கண்ண எடுக்காமப் பாரு புள்ள" என்றாய். முதலில் வெறும் இருட்டு. பிறகு அந்த இருட்டுக்குள் சட்டென்று ஒரு வெளிச்சம். கீழே ஸ்டீல் தண்ணீராகத் தளதளத்தது. மேலே, ஒரு நூலிழைத் தூரத்தில், கம்பியின் நுனி வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டு கூர் மாறாமல் நின்றது. திரையில் எத்தனையோ முறை வண்ணம் வண்ணமாக நான் வரைந்த நுனிதான். கண்ணால் பார்த்தபோது மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கும்பிடத் தோன்றியது, அக்கா. சொல்ல வெட்கமாக இருந்ததால் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஆனால் என் கணக்கில் அந்த நுனி நிற்கவே இல்லை. மூவாயிரத்து நானூறு டிகிரியைத் தாண்டினால்தான் டங்ஸ்டன் உருகும். நான் எப்படிப் போட்டாலும் கணக்கு அதைத் தாண்டி எகிறியது. அது சரியாகாவிட்டால் என் நான்கு வருட ஆராய்ச்சியும் பாழ். அந்தக் கடுப்போடுதான் போன மார்கழியில் வத்தலக்குண்டில் பஸ் பிடித்து மேலே வந்தேன்.

"ஒங் கணக்கு என்னதான் சொல்லுது?" என்று கேட்டாய்.

"நுனி உருகி ஒழுகிடும்னு சொல்லுதுக்கா."

"நா தெனமும் வைக்கிறேன். உருகலையே."

"அதானே என் தலவலியே!"

நீ மெஷினிடம் போய், டார்ச் கேபிளையும் எர்த் கேபிளையும் உருவி, இடம் மாற்றி மாட்டினாய். புதிதாகக் கூர் தீட்டிய கம்பி ஒன்றைப் போட்டு, "இப்பப் பாரு" என்றாய். கண்ணாடிக்குள் பார்த்தேன். வெளிச்சம் வந்த கையோடு நுனி கரைந்து உருண்டுவிட்டது. கீழே ஸ்டீல் சரியாக இளகக்கூட இல்லை.

"இதான ஒங் கணக்கு? நீ ப்ளஸ் மைனஸை மாத்தி மாட்டிட்ட புள்ள. புதுசா சோலிக்கு வர்றவங்க எல்லாரும் பண்றதுதான்."

வாசலில் நின்ற பாய் கடகடவென்று சிரித்தார். "என்ன டாக்டரம்மா, ஒங்க அக்கா ஒங்களுக்கே டாக்டரா இருப்பாங்க போலயே!"

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது உனக்குத் தெரியாததா? "இது கேபிள் இல்லக்கா, சமன்பாடு. உனக்குப் புரியாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "சரிடி, எனக்குப் புரியாது. டார்ச்ச மைனஸ்ல வச்சா அந்தச் சூடெல்லாம் எங்கதான் போவுது? அதையாவது வெரசா கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றாய். பஸ் கிளம்பும்போது ஜெர்கின் பைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாய். குளிருக்கு என்று நினைத்தேன்.

தை பிறந்ததும் காய்ச்சல் என்று படுத்தாய். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாகச் சொன்னார்கள். நான் மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டறையில் தொங்கிய ஜெர்கினைப் பாய்தான் கொண்டுவந்து கொடுத்தார். "இது சும்மா தொங்கிக் கெடக்கு. பாக்கப் பாக்க மனசு ஆறலம்மா" என்றார். நான் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஆராய்ச்சியை முடிக்கக் கல்லூரியில் கொடுத்த கடைசிக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. முடியட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்தக் கம்பி கையில் கிடைத்த பிறகு விட முடியவில்லை. துணியை அப்படியே போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ப்ளஸ், மைனஸ் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். எலக்ட்ரான்கள் நுனியை விட்டுக் கிளம்புகிற இடத்தில் ஒரு வரி. வேர்வை காயும்போது உடம்புச் சூட்டைக் கொண்டுபோகிற மாதிரி, அவை கிளம்பும்போது நுனியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கழிக்க வேண்டிய அந்தச் சூட்டை நான் கூட்டியிருந்தேன். மைனஸ் இருக்க வேண்டிய இடத்தில் ப்ளஸ். நானும் பேராசிரியரும் எத்தனையோ தடவை கடந்துபோன வரி. மாற்றி ஓட்டினேன். நுனி உருகாமல் நின்றது, அன்று கண்ணாடிக்குள் பார்த்த அதே நுனி. ஐயோ அக்கா என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

இன்று, மலை விளிம்பில் நீ முன்பு வெல்டிங் வைத்த ஸ்டீல் கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வந்தேன். அந்தச் சூடு எங்கேயும் வீணாகப் போகவில்லை. நுனியிலிருந்து எடுத்ததை எலக்ட்ரான்கள் எதிரே இருக்கிற ஸ்டீலில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகின்றன. உன் டங்ஸ்டன் நுனி இழந்ததுதான் இந்த இணைப்பை உருக்கிச் சேர்த்தது. வரிவரியாக நீ வைத்துப் போன தடத்தில் கை வைத்திருக்கிறேன். பனியில் சில்லென்று இருக்கிறது. கையை எடுக்க முடியவில்லை.

உருண்டை நுனிக் கம்பி இப்போது என் பையில் இருக்கிறது. அடுத்த வாரம் ஆய்வுக்குழு முன்னால் நிற்கும்போதும் இருக்கும். பிழையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அதை எடுத்து மேசைமேல் வைப்பேன். உனக்குப் புரியாது என்று சொன்னேனே, அன்று அந்தப் பட்டறையில் புரியாமல் நின்றவள் நான்தான், அக்கா.