நான் பிடுங்கிய தூண்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போடாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் சங்கடமான இடம் வந்ததும் 'சாப்பிட்டியா பாப்பா' என்று கேட்டுத் தப்பித்துவிடுவேன், போன வாரமும் அதைத்தான் செய்தேன். காகிதத்தில் அப்படி நழுவ முடியாது. அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி, நடுவில் எனக்குப் போன் போடாதே.

இந்தப் பழைய வீட்டைச் சீர்செய்கிற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தோட்டத்தைச் சுத்தம் செய்ததையும், கொடிகளுக்குள் புதைந்து கிடந்த கேட்டைக் கண்டுபிடித்து எண்ணெய் போட்டுத் திறக்க வைத்ததையும் போட்டோ எடுத்து அனுப்பினேன், நீயும் 'எங்க அம்மா இன்ஜினியர்' என்று எழுதினாய். அங்கேதான் பிடித்தது சனி. ஜன்னலுக்குச் சாயம் அடித்தேன், சரியாக வந்தது. பின்பக்கச் சுவரில் பொரிந்த பூச்சைச் சுரண்டி நானே பூசினேன், அதுவும் நின்றது. உன் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார், நான் செய்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. தையல் கம்பெனியில் அத்தனை வருஷம் மற்றவர்கள் தைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நானே ஒன்றைச் செய்து, நன்றாயிருக்கிறது என்று நாலு பேர் சொல்லிக் கேட்டது இப்போதுதான். அந்த ருசி பொல்லாதது.

நம் சமையலறையில் சித்தி வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு மரத்தூண் நின்றதே, சின்ன வயதில் நீ சுற்றிச் சுற்றி ஓடி மண்டையை இடித்துக்கொள்வாயே, அது. எனக்குச் சமையலறையை அகலமாக்கி, சுவர் நீளத்துக்கு ஒரு மேடை கட்ட வேண்டும் என்று ஆசை. தூண் குறுக்கே நின்றது. உன் அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர்தான் வைத்தார்களே தவிர, மேலே ஓடு தாங்குகிற உத்தரம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும், ஆனால் யோசிக்கவில்லை. உன் சித்தி வெட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டே பின்வாசல் வழியாக வந்து நின்று பார்த்தாள். "அக்கா, அந்தத் தூண மட்டும் விட்டுடுங்க, மேல இருக்கறது அதுமேலதான் நிக்குது" என்றாள். நான் கடப்பாரையைக் கீழே வைக்காமலே, "உனக்கு ஊசியில நூல் கோக்கற வேலை இருந்தா போய் அதப் பாரு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, போய்விட்டாள்.

தூணை எடுத்தேன். உத்தரம் அசையவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே உன் அப்பாவிடம் உரக்கச் சொன்னேன், பாத்தீங்களா, குத்துக்கல்லாட்டம் நிக்குது என்று. அப்புறம் மழை பிடித்தது. ஓடு நனைந்து கனத்துப்போனதோ என்னவோ, ஒரு மத்தியானம் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து சித்தி வீட்டுப் பக்கம் மடமடவென்று சரிவு. நம் பக்கம் உத்தரம் ஒரு சாண் இறங்கியதோடு சரி. அவள் பக்கம் பரணும் ஓடுகளும் அவள் தையல் மிஷின் மேலேயே விழுந்தன. சித்தப்பா லாரியோடு வெளியூரில். அவள் தைத்து முடித்த சீருடைகளைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், அதனால் பிழைத்தாள். சாதாரணமாக அந்த நேரத்தில் அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று உனக்கே தெரியும்.

பாப்பா, இனிமேல் வருவதுதான் சொல்ல வேண்டியது. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வீட்டுக்கு ஓடவில்லை. பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்த தூணைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட கொடிக் குவியலுக்கு அடியில் தள்ளினேன். உன் அப்பா பார்த்தார். எதுக்கு அத இழுத்துட்டுப் போற என்று கேட்டார், உளுத்துப்போச்சு என்றேன். தூண் இரும்பு மாதிரி இருந்தது. அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். சித்தி மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து தன் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். மேலே வானம் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்னால் நான் பக்கத்தில் போய் முந்திக்கொண்டேன். "பரண் மேல இவ்வளவு சாமான அடைச்சு வச்சா வேற என்ன ஆகும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பரண் இருந்த இடத்தைப் பார்த்தாள். பரணில் இருந்தது ஒரு பழைய பெட்டியும் திரைச்சீலைக் கம்பி நாலைந்தும், அவ்வளவுதான். அவற்றை அப்புறம் இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்தவளே நான்தான்.

ஒரு பொய் சொன்னால் அது தனியாக இருக்க மாட்டேனென்கிறது, துணைக்கு ஆள் தேடுகிறது. உன் பெரியம்மாவிடம் போனில் இதையே சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பரணில் சாமான் கூடிக்கொண்டே போனது. கடைசியில் உன்னிடம் சொன்னபோது அதில் ஒரு இரும்பு பீரோவே ஏறியிருந்தது.

தச்சர் வந்தார். முட்டுக் கொடுத்து உத்தரத்தைத் தூக்க வேண்டும் என்று அளந்தார். நம் சமையலறைத் தரையில் தூண் நின்ற இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது, அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு தூண் இருந்திருக்குமே, யார் எடுத்தது என்று கேட்டார். நான் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி சொன்னாள், "நாங்கதான் எடுத்தோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான். தெரியாம செஞ்சுட்டோம்." அவர் தலையில் அடித்துக்கொண்டு, பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். அவளும் என்னோடு நின்று வாங்கிக்கொண்டாள்.

அவர் போனபிறகு அவள் வீட்டுக்குப் போனேன். தூசி படிந்த சீருடைத் துணியை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்டேன். உதறுவதை நிறுத்தாமலே, "வெளியாள் முன்னாடி உங்கள விட்டுக்குடுக்க மனசு வரல. அதுக்காக நான் மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. நான் வேண்டாம்னு சொன்னேன்க்கா" என்றாள். தப்பு முழுக்க என்மேல்தான் என்றேன். "தெரியும்" என்றாள். அப்புறம் துடைப்பத்தை நீட்டி, அந்த மூலையை நீங்க கூட்டுங்க என்றாள். கூட்டினேன். அழவில்லை, அழுதால் அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் அவள் தலையில் கட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நம் வீட்டு வேலை நின்றது, அவள் வீட்டு வேலைதான். தச்சர் உத்தரத்தை ஏற்றிக் கொடுத்தார். குவியலைக் கிளறித் தூணை நானே இழுத்துக்கொண்டு வந்தேன், அவர் அதையே பழைய இடத்தில் நிறுத்திவிட்டார், மேடை கிடையாது. அவள் பக்கச் சுவருக்கு நான் பூச்சு வைத்தேன். ஓடுகளைக் கழுவி அடுக்கியது, அழுக்கான துணிகளைத் துவைத்துத் தேய்த்தது எல்லாம் நான். மிஷினைப் பழுது பார்க்கிறவர் சக்கரத்தை நிமிர்த்திக் கொடுத்தார், ஓடுகிறது, ஆனால் முன்னைவிடச் சத்தம். சீருடைகள் தாமதமாகி அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்கினாள். நான் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தேன். ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரித்து மறுபடி தைத்தாள். எனக்கு வேண்டியதுதான்.

பெரியம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அவள் ஏற்கெனவே தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் பரண் கதையைப் பரப்பிவிட்டாளாம். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்களே, நான் கொட்டியது நெல் இல்லை, சொல். உன் அப்பா, நானாவது அன்னிக்கே வாயத் திறந்திருக்கணும் என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவரை நான் சமாதானப்படுத்தவில்லை.

முந்தாநாள் அவள் வீட்டுக் கதவுக்குப் பூட்டு வாங்குவது பற்றிப் பேசும்போது, சித்தி தன் போனை என் கையில் கொடுத்துப் படம் காட்டினாள். என் விரல் தவறிப் பட்டு வேறு பக்கம் திறந்துகொண்டது. நீ அவளுக்கு அனுப்பியது. 'சித்தி, பொது வீடுன்னா கொஞ்சமாவது பொறுப்பு வேணும். எங்க அம்மா இந்த வயசுல உங்க குப்பையையும் சேத்து அள்ளணுமா?' என்று எழுதியிருந்தாய். ஓடு விழுந்த மறுநாள் தேதி. அதைப் படித்துவிட்டுத்தான் அவள் தச்சர் முன்னால் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, பித்தளைப் பூட்டே போதும்க்கா என்றாள். உன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, அந்த வார்த்தைகளை உன் வாயில் வைத்தவள் நான். நீ அம்மாவுக்காகப் பேசினாய். அந்த அம்மா அதற்குத் தகுந்தவளாக இல்லை.

அவள் பேசுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், டீ கொடுத்தால் குடிக்கிறாள். ஆனால் முன்பெல்லாம் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே நுழைவாள். இப்போது முன்வாசலுக்கு வந்து மணி அடித்து, நான் திறக்கும்வரை விருந்தாளி மாதிரி நிற்கிறாள்.

அதனால் நீ அவளுக்குப் போன் செய். எழுத்தில் மன்னிப்பு அனுப்பாதே, குரலில் கேள். மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சாய்ந்திருப்பாள், அப்போது கூப்பிடு. அம்மா சொல்லித்தான் கூப்பிடுகிறேன் என்பதை மறைக்காதே. அம்மா என்ன செய்தாள் என்பதையும் நீயே உன் வாயால் அவளிடம் சொல், தூணை ஒளித்தது உட்பட. அது மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. குவியலைக் கிளறி எடுத்தபோது அவள் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருந்திருக்கலாம். எத்தனையோ தடவை அவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

இல்லை, அதை நீ சொல்ல வேண்டாம். இதைத் தபாலில் போட்டுவிட்டு வரும் வழியில் நானே போய்ச் சொல்கிறேன். நீ கூப்பிடும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உன் அம்மா இன்னும் திருந்தவில்லை என்று வைத்துக்கொள்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீடித்த ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருங்கள். அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா, தள்ளிப் போடாதே.

வெட்கத்தோடு,
உன் அம்மா