பனிக்குள் சுட்ட வெயில்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம். இந்த மனிதர் முகத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நேற்றுக் காலையில் எனக்குத் தெரியாமல் எலுமிச்சம்பழத்தை அரிந்து முகமெல்லாம் தேய்த்துக்கொண்டு, கழுவாமலே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு, சாறு அதிகம் பட்ட வலது கன்னம் சிவந்து கொப்பளித்துவிட்டது.

"மலையெல்லாம் பனி மூடியிருந்துச்சு புள்ள. வெயிலே இல்லையே!" என்கிறார்.

பனிக்குள்ளேயும் வெயில் சுடும் என்று தோட்டத்து டிஸ்பென்சரி நர்ஸ் நன்றாக ஏசினாராம். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்துபோகுமாம். களிம்பு கொடுத்து, கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, தொப்பி இல்லாமல் மலை ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எனக்கும் கோபம்தான். "இந்த வயசுல யாருக்குக் காட்டவாம் இந்த அழகு?" என்று கேட்டுவிட்டேன்.

களிம்பு பூசும்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கொழும்புல இருந்து வாறாங்க. போட்டோவுல மக பக்கத்துல நான் கருப்பா நின்னா அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல?"

பூசிக்கொண்டே சொன்னேன்:

"மக அப்படியே உங்க கலருதாங்க. அவளப் பாத்துத்தானே மாப்பிள்ளை சரின்னாரு."

சிரித்தார். சிரித்ததில் கன்னம் எரிந்து முகத்தைச் சுளித்தார். மறுபடியும் கொஞ்சம் களிம்பு எடுத்தேன். ஒன்றும் ஆகாத இடது கன்னத்திலும் பூசிவிட்டேன்.