தலைச்சோலை ஷெட்டின் பச்சை ஜாக்கி

ஏற்காடு,
12.11.1986

அன்புள்ள லூர்துசெல்வி கண்ணுக்கு,

தம்பியோடு எஸ்டேட் ஷெட்டில் வேலை பார்க்கும் அம்மாசியின் காலை எடுக்க வேண்டியதில்லை என்று இன்று காலை சேலம் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரே என்னிடம் சொன்னார். இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறேன். மாதா கிருபையால் நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய். எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் தம்பி ஏசுராஜுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை தலைச்சோலை எஸ்டேட் ஷெட்டில் லாரியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி மெல்ல இறங்கி, அடியில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாசியின் கால் மாட்டிக்கொண்டது. வழியில் வந்த பஸ்ஸை நிறுத்தி வேறு ஜாக்கி வாங்கி வரும்வரை முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தார். அது வெள்ளைக்காரன் காலத்து ஜாக்கி, சக்கரம் வைத்துத் தரையில் உருட்டுவது. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து அடித்துப் பெயர்த்தகடே மூடிப்போய்விட்டது, எந்தக் கம்பெனி, என்ன ஆயில் என்று ஷெட்டில் யாருக்கும் தெரியாது. போன மாதம் தம்பி அதைப் பிரித்துப் புது ரப்பர் வாஷர் போட்டு, கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறான். எஸ்டேட் அதை இப்போது சேலத்தில் பட்டறை வைத்திருக்கும் சூசைமாணிக்கத்திடம் ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறது. நேற்று அவர் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார். பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது என்று தகட்டிலேயே வெட்டியிருக்கிறது. உள்ளே வாஷர் ஊறிக் கொழகொழவென்று கிடந்தது.

லாரிக்கு அடியில் முட்டுக்கல் வைக்காதது அம்மாசியின் கவனக்குறைவு என்று எஸ்டேட் ரைட்டர் எழுதிவிட்டார். அந்தப் பழி நின்றால் அவருக்கு வேலையும் இல்லை, எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் இல்லை. ஆனால் "புது வாஷருங்கண்ணா, கல்லு வேண்டாம்" என்று சொன்னவன் தம்பி. என்னிடம் ஒப்புக்கொண்டான். அம்மாசியோ கட்டிலில் படுத்தபடி, "ஏனுங்க, தம்பி பேரை நான் சொல்லலீங்க, வெளிநாடு போற பையன்" என்கிறார். முப்பது வருஷம் அடுத்தவர் சங்கதியைத் துருவிப் பத்திரிகைக்கு எழுதிய நான், அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். தம்பிக்கு நீ அனுப்பிய விசா போய்விடும் என்று அம்மா என்னை எஸ்டேட் பக்கமே போக விடுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. கர்த்தர் உன்னைக் காப்பார்.

புது வாஷரும் சரியான ஆயிலும் போட்டு, ஒரு நாள் முழுக்க லாரியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கிறார் சூசைமாணிக்கம். இறங்காவிட்டால் குற்றம் ஆயிலில்தான், சனிக்கிழமை தெரியும். திங்கள் பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீசில் விசாரணை. நீயே சொல், இல்லையேல் நான் சொல்வேன் என்று தம்பியிடம் சொல்லியாயிற்று.

உன் அப்பா,
ஞானசுந்தரம்