எங்கள் மல்லாட்டைக் கொல்லையை ஏன் வரைந்தீர்கள்?

எதிர்வீட்டுக் கதவுக்கு இன்று வர்ணம் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை தெருவைத் தாண்டி வந்ததும், கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு மாடிப்படி பாதி ஏறிவிட்டேன், சார். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று உங்களிடம் சொல்வதற்காக. அப்புறம்தான் நின்றேன். நீங்கள் இறந்துபோய்விட்டதாக உங்கள் மகள் ஜெர்மனியிலிருந்து போனில் சொல்லி ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் மாடிக்கு மார்கழிதோறும் ஜெர்மனியிலிருந்து படம் வரைய வந்து மாசி வரை தங்குவீர்கள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில் நீங்களும் பையை மாட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்புவீர்கள். தெருவில் எல்லோரையும் போல நீங்களும் இந்த நர்ஸை "சிஸ்டர்" என்றே கூப்பிட்டீர்கள். உங்கள் படங்களில் வயல் இருக்கும், உப்பங்கழி இருக்கும், சவுக்குத்தோப்பு இருக்கும். ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். கேட்டதற்கு, பழகிப்போன எங்கள் ஊர்த் தமிழிலேயே, "ஆளுங்க வேற எடம் போவாங்க, சிஸ்டர். நெலம் எங்க போகும்?" என்றீர்கள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆளே இல்லாத நிலம் யாருக்குத் தேவைப்படும்? வாங்க வருகிறவனுக்குத்தானே.

என் தம்பியும் அதையே சொன்னான். கிள்ளைப் பக்கம் நீங்கள் வரைந்த சவுக்குத்தோப்பைச் சுற்றி அடுத்த வருஷம் கம்பிவேலி வந்தது. நீங்கள் உட்கார்ந்திருந்த உப்பங்கழிக் கரையில் ஏதோ ரிசார்ட்டின் பெயர்ப்பலகை முளைத்தது. எந்த நிலம் விலைக்கு வருகிறது என்று டீக்கடையில் நீங்கள் விசாரித்ததைத் தம்பி தன் காதாலேயே கேட்டானாம்.

"அந்தாளு படம் வரையலக்கா, எடம் பாக்குறாரு. மாடிய காலி பண்ணச் சொல்லு."

நீங்கள் இல்லாத நேரம் பார்த்து மாடிக்குப் போனேன். படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கம் எல்லையோ அளவோ குறித்திருக்கிறீர்களா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததும் சந்தேகமாகவே இருந்தது.

பிறகு ஒருநாள் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், அப்படியே கிள்ளைக்குப் போய் எங்கள் கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். அப்பா எனக்கும் தம்பிக்கும் பொதுவாக விட்டுப்போன நிலம். நீங்கள் வேர்க்கடலை என்பீர்களே, அந்த மல்லாட்டை போட்டிருந்தோம். அதன் வரப்பில் குடை விரித்து உட்கார்ந்து நீங்கள் வரைந்துகொண்டிருந்தீர்கள்.

"இங்க எதுக்கு சார் வந்தீங்க?" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் தூரிகையைத் துடைத்து வைத்தீர்கள். அன்றுதான் உங்கள் ஊரைப் பற்றிச் சொன்னீர்கள். நெய்வேலியில் எடுக்கிறார்களே, அதே பழுப்பு நிலக்கரிக்காக ஜெர்மனியில் நீங்கள் பிறந்த கிராமத்தையே தோண்டிவிட்டார்கள். வீடும் போயிற்று, தேவாலயமும் போயிற்று. வேறிடத்தில் புது வீடு கிடைத்தது. ஆனால் பழைய வாசலில் நின்ற பேரிக்காய் மரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று உங்கள் அப்பாவும் அம்மாவும் சாகிறவரை சண்டை போட்டார்களாம். எடுத்துக் காட்ட ஒரு படம் இல்லை. அதிலிருந்து, கைமாறப் போகிறது என்று கேள்விப்படுகிற நிலத்தைத் தேடிப் போய் வரைவதே உங்கள் பிழைப்பாயிற்று. முதலில் உங்கள் நாட்டில், வயதான பிறகு இங்கேயும். நீங்கள் வரைந்ததால் வேலி வரவில்லை. வேலி வரப்போகிறது என்பதால் வரைந்தீர்கள்.

கொல்லையைத் திரும்பிப் பார்த்தேன். "அப்ப எங்க கொல்லை?"

"விக்கப் போறாங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், சிஸ்டர்."

அப்போதும் உங்களை நம்பவில்லை. அக்கா தம்பிக்குள் மூட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்று பஸ்ஸில் வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் தம்பி காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். கேட்டேன். நிமிரவில்லை, ஆற்றுவதையும் நிறுத்தவில்லை.

"பேசி முடிச்சாச்சுக்கா. ஒங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். மாதக்கணக்கில் இழுத்து, பாகம் பிரித்து, தன் பாதியை அவன் விற்றான். இப்போது கொல்லைக்கு நடுவே ஆளுயர மதில் நிற்கிறது. இந்தப் பக்கம் என் மல்லாட்டை. பொங்கலுக்குத் தம்பி வருவான், சாப்பிடுவான், போவான். கொல்லைப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை. மாடியைக் காலி பண்ணச் சொல்லி அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

இன்னாரை நம்பாதே என்று இப்போது யாராவது வந்து சொன்னால், சொல்கிறவர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இது உங்களால் வந்த பழக்கம்.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது, சார். அந்த வருஷம் விதை மல்லாட்டையை உங்கள் அறை வாசலில்தான் உலர்த்தினேன். காலை மாலை அதைத் தாண்டித்தான் போய்வந்தீர்கள். விற்கப்போகிற நிலத்துக்கு யாராவது விதை உலர்த்துவார்களா? விற்பது எனக்குத் தெரியும் என்று உண்மையிலேயே நினைத்தீர்களா? இல்லை, என்றாவது நான் வந்து கேட்கட்டும் என்றுதான் அந்த வரப்பில் போய் உட்கார்ந்தீர்களா? நேரில் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பீர்கள். அதனால் இந்த ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன்.