எங்கட ஆள் தனிய நடந்த வழி

அன்பு மச்சான் றெஜிக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இதற்குள் உன்னைப்பற்றிப் பேச வேண்டியவர்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். உன் வீட்டில் ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்திராதவர்களும் பேசினார்கள். இனி நான் பேசுகிறேன்.

முதலில் உனக்கு ஒரு செய்தி. நாங்கள் விளையாடிய கொம்பியூட்டர் கேமின் அடுத்த பாகம் வரப்போகிறதாம். இந்த முறை தனியாக விளையாட ஏலாது, முழுக்க ஒன்லைன். ஒரே நாட்டுக்குள் ஆயிரக்கணக்கான சனம், ஆளுக்கொரு வீரன். அந்த டிராகனுக்கு நீ 'பறக்கிற முதலை' என்று பெயர் வைத்தாயே, அதை இனிக் கும்பலாகப் போய்த்தான் கொல்ல வேண்டுமாம். அது கும்பலைக் கண்டு சிரிக்காதா?

கேமைச் செய்கிற கொம்பனி அதை அறிவித்த அன்று, நீ இருந்த இணையத் தமிழ் விளையாட்டுக் குழுவில் ஒரே கொண்டாட்டம். குழுவை நடத்துகிறவர் நோர்வேயில் இருந்து உன் பழைய பதிவொன்றைத் தோண்டி எடுத்து, உன் படத்துக்கு ஒரு மெழுகுதிரியும் வைத்து, 'றெஜி அண்ணையின் கனவு நிறைவேறியது' என்று போட்டார். அதற்குக் கீழே ஒரு கேள்வி: தனியாள் விளையாட்டுகள் எல்லாம் ஒன்லைனாக மாற வேண்டுமா, அண்ணையின் நினைவாக எழுதுங்கள் என்று. எல்லாரும் ஓம் என்று எழுதுகிறார்கள். இல்லை என்று எழுதிய இரண்டு பேரையும் கிழித்துப் போட்டார்கள். செத்த மனுசனின் ஆசைக்கு எதிராகக் கதைக்கிறாயோ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். 'நான் ஊர்காவற்றுறையில மீன்பிடிக்கிறனான். ரெண்டு வருசமா இந்தக் கேம் விளையாடுறன். என்ர ஆள் எல்லா இடமும் தனியத்தான் போறான். நானும் வாறன் எண்டு சொல்ல அந்த நாட்டில ஒரு சனமில்லை. எனக்கும் இந்தத் தீவில சேர்ந்து விளையாட ஆளில்லை. இதை ஒன்லைன் ஆக்கினால் நல்லம்.'

சேர்ந்து விளையாட ஆளில்லை. அப்படியென்றால் பக்கத்துக் கதிரையில் இருந்த நான் யார்?

குழுவில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. தெரிய வைக்க நீயும் நினைக்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். நான் அதே தீவில், சரவணையில் இருக்கிற ஆங்கில வாத்தி. எட்டாம் வகுப்பு வரை நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். அதன்பிறகு இடம்பெயர்வு. நான் எங்கேயோ படித்து வந்தேன், நீ படிப்பை விட்டுக் கடலுக்குப் போனாய். பாரிசில் இருந்து உன் அக்கா ஒரு கொம்பியூட்டர் அனுப்பினாள், அதற்குள் இந்தக் கேமும் இருந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, ஒரு பை றாலை என் கையில் திணித்துவிட்டு நீ கேட்டாய்: "வாத்தி, ஒரு ராசா என்னட்டை என்னவோ கேக்கிறார். வந்து வாசிச்சுச் சொல்லு."

அப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு நான் மோட்டச்சைக்கிளில் வருவேன். நீ கடலால் வந்து, படுத்து எழும்பி, முகம் கழுவி இருப்பாய். அந்த அறையில் கதிரை இரண்டு. கை உடைந்த கதிரை எனக்கு. நீ மவுஸைப் பிடிப்பாய், நான் வாசிப்பேன். அந்த நாட்டில் யாரோடு கதைத்தாலும் திரையில் மூன்று நாலு பதில்கள் வரும், ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லுவேன், நீ யோசித்து ஒன்றை அழுத்துவாய். வழியெல்லாம் ஒரு தடித்த மட்டைக் கொப்பியில் நான் கீறி வைத்தேன்.

"உன்ர ராசா ஏன் வாத்தி அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மாதிரிக் கதைக்கிறார்?" என்று ஒருநாள் கேட்டாய்.

"ராசா எண்டால் பிறகு எப்பிடிக் கதைப்பார்?"

"சம்மாட்டி மாதிரிக் கதைக்கச் சொல்லு. அப்பதான் பயம் வரும்."

அன்றிலிருந்து அந்த நாட்டு ராசா உன் படகு முதலாளி சம்மாட்டியின் குரலில் கதைத்தார். எங்கட ஆள் அவருக்குப் பதில் சொல்லும்போது நீ கதிரையில் நிமிர்ந்து இருப்பாய். திரையில் ஓடுகிற எங்கள் வீரனை 'எங்கட ஆள்' என்றுதான் சொல்லுவாய். எங்கட ஆளுக்குக் குளிருது. எங்கட ஆளிட்டை நல்ல வாள் இல்லை. கேமில் நாங்கள் செத்தால், அது நீ மவுஸைப் பிந்தி அழுத்தியதாலா, நான் பிழையாக வாசித்ததாலா என்று சண்டை பிடிப்போம். உன் மனைவி மெற்றில்டா குசினிக்குள் இருந்து, ஐம்பது வயதாகப் போகிற இரண்டு பேர் ஒரு பொம்மைக்காக அடிபடுகிறார்கள் என்று ஏசுவாள். பதிவில் மட்டும் அவன் எப்படி மச்சான் 'என்ர ஆள்' ஆனான்?

இந்தக் கேமைத் தனியாள் விளையாட்டு என்கிறார்கள். இரண்டு பேர் இல்லாமல் ஓடாத விளையாட்டு அதைப்போல இன்னொன்றை நான் கண்டதில்லை. ஒன்லைன் என்றால் என்ன நடந்திருக்கும்? உனக்கொரு திரை ஊர்காவற்றுறையில், எனக்கொரு திரை சரவணையில், காதுக்குள் ஒரு வயர். நீ தலை சொறிவதை நான் கண்டிருக்க மாட்டேன். நீ ஒரு பதிலுக்கு மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய்.

அதோடு அந்தப் பழைய நாடு எங்களுக்காகக் காத்திருந்தது. கோயில் மணி அடித்தால் நீ எழும்பிப் போவாய், எங்கட ஆள் வாளை ஓங்கியபடியே நிற்பான். கரண்ட் போகும், கச்சான் காற்றுக்குக் கரையில் படகு முட்டும், நீ ஓடுவாய். ஒருமுறை நீ மூன்று நாள் கடலில் நின்றாய். எங்கட ஆள் அந்த மூன்று நாளும் ஒரு கோட்டை வாசலில் மழைக்குள் நின்றான், ஒரு கீறல் விழவில்லை. ஆயிரம் பேர் உலாவுகிற நாட்டில் மீன்பிடிக்காரனுக்காக யார் காத்திருப்பார்கள்? நீ திரும்பி வரும்போது முதலை செத்திருக்கும், கோட்டையில் வேறு கொடி பறக்கும். வெளியில் எங்களுக்கு நடந்தது போதாதா? உள்ளேயும் வேண்டுமா?

இது என் வாதம். நல்ல வாதம்தான். இதைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம்.

நீ உயிரோடு இருக்கும்போதே உன் பதிவை எனக்குக் காட்டியது பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர். உன் கூட்டாளி எழுதியிருக்கிறான் பார் என்று சிரித்துக்கொண்டு போனை நீட்டினார். அடுத்த நாள் நான் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. என்னை உனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கனடாவுக்கு ஏறிய அண்ணன்மார் இருவரையும் நான் மறக்கவில்லை. எனக்கு வர வேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவியை இரண்டு முறை வாங்கிக்கொண்டு போனவர்களையும் மறக்கவில்லை. அந்த வரிசையில் உன்னையும் நிறுத்தி வைத்தேன். நாலு மாதம் உன் வீட்டு ஒழுங்கைப் பக்கம் வரவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன்.

இரண்டாம் பட்டணத்துக்குப் போகிற வழியில் ஒரு பாலம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? பாலத்தடியில் வில்லோடு ஒருத்தி நின்றாள். வீடு எரிந்து, சனம் செத்து, தனியாக வந்து நின்றவள். எங்கட ஆளைக் கண்டதும் நீளமாகக் கதைத்தாள். அவள் கடைசியாகக் கேட்டது: நானும் உன்னோடு வரட்டுமா? கீழே மூன்று பதில் இருந்தது. போய் வா என்பது ஒன்று. வழி எப்படி என்பது ஒன்று. மூன்றாவது, வா என்பது.

நான் உனக்கு இரண்டைத்தான் வாசித்தேன்.

"இவள் என்னவோ கேக்கிறாள் போல கிடக்கு. முகத்தைப் பார்," என்றாய்.

"வழி சொல்லுறாள். கவனமாப் போகட்டாம்," என்றேன்.

நீ கவனமாகப் போனாய். பிறகு ஒரு மடத்தில் ஒரு துறவி கேட்டான். துறைமுகத்தில் ஒரு கள்ளன் கேட்டான். மூன்று பேர், மூன்று முறை. ஒன்றையும் நான் வாசிக்கவில்லை. அவர்கள் வந்தால் என்ன செய்வார்கள் என்று இணையத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். வழி சொல்லுவார்கள். பூட்டுத் திறப்பார்கள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த வேலை என்னுடையது. அந்த அறையில் கதிரை இரண்டுதானே இருந்தது.

வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன். நானும் வரட்டா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. திரையில் ஒருத்தி உன்னைக் கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆக, அந்த நாட்டில் ஒரு சனமில்லை என்று நீ எழுதியது என் வாசிப்பை நம்பி. உன்னைத் தனியாக நடக்கவிட்டவன் நான். நீ அதைப் பற்றி முறைப்பட்டதற்கு உன்னோடு கோபித்துக்கொண்டவனும் நான். நான் மறைத்த ஒரு பதிலின் மேல்தான் இந்தக் குழு இன்று மெழுகுதிரி கொளுத்தி வைத்திருக்கிறது.

உங்கள் கோயிலில் கொடியேறிய நாள் மெற்றில்டா சரவணைக்கு வந்தாள். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வரவில்லை, படலையில் நின்றபடியே சொன்னாள். "ஒரு இடம் வாசிக்கக் கிடக்காம். வாத்தியை ஒருக்கா வரச் சொல்லட்டாம்." தாள் முடியட்டும், பார்ப்போம் என்றேன். தாளில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் கிழமை, கரையில் படகை இழுத்து ஏற்றும்போது நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாயாம், பிறகு எழும்பவில்லையாம். உன்னைப் புதைக்கிற அன்று சேமக்காலைக்கு வந்தேன். வாசலோடு நின்றேன். குழுவின் பெயரில் ஒரு மலர்வளையம் வந்தது, அதில் 'எங்கள் தனி வீரனுக்கு' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, மச்சான். அவ்வளவு கெட்டவன் நான்.

போன மாதம் மெற்றில்டா போன் எடுத்தாள். கொம்பியூட்டரைப் பங்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போகிறாளாம், உள்ளே இருப்பதைப் பார்த்து அழித்துத் தரச் சொன்னாள். போனேன். கை உடைந்த கதிரை அதே இடத்தில் கிடந்தது.

அவள் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதைத்தாள். நான் வராமல் விட்ட பிறகு நீ போனைத் திரைக்கு நேரே பிடித்து வாசிக்கப் பழகினாயாம். போன் தமிழில் கன்னாபின்னாவென்று மொழிபெயர்க்குமாம், நீ விழுந்து விழுந்து சிரிப்பாயாம். "வாத்தியை விட மோசம் எண்டு சொல்லுவார். ஆனால் இது ஒண்டையும் விடாமல் வாசிக்குது எண்டும் சொல்லுவார்," என்றாள். அவளுக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. நான் பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டுக் கொம்பியூட்டரைப் போட்டேன்.

கேமில் நீ கடைசியாகச் சேமித்த இடத்தைத் திறந்தேன். எங்கட ஆள் பாலத்தடியில் நிற்கிறான். முதலைக் குகை வரை போனவன், அவ்வளவு தூரமும் திரும்பி வந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால், ஒரு எட்டு தள்ளி, வில்லோடு அவள். வா என்று அழுத்தியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பாலத்தைத் தாண்டவும் இல்லை.

சேமித்த நாளையும் பார்த்தேன். மெற்றில்டா என் படலைக்கு வருவதற்கு நாலு நாள் முந்தி.

அப்போது உனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒரு இடம் வாசிக்கக் கிடக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். ஏசுவதற்கா கூப்பிட்டாய்? என்னைக் கதிரையில் இருத்தி, அந்த மூன்றாவது பதிலை என் வாயாலேயே வாசிப்பிக்கவா? இல்லை, அவளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போவோம் என்று சொல்லவா? நீ எதையும் சொல்லக் கூடியவன். எதைச் சொல்லியிருப்பாய் என்று தெரியாமலே நான் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். நன்றாகத்தான் பழி வாங்கினாய்.

குழுவில் இருப்பவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: மாற்ற வேண்டாம். ஒன்லைன் வேண்டுமென்றால் புதிதாக ஒன்றைச் செய்யட்டும். ஒருவனுக்காகக் காத்து நிற்கிற ஒரு நாடாவது எங்கேனும் மிஞ்சட்டும். என் பேச்சை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், நான் நம்பத்தக்க ஆள் இல்லை என்பதை மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் றெஜியின் பதிவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவன் கேட்டது, தன்னோடு கூட நடக்க ஒரு ஆளை. அந்த ஆள் முதல் நாளிலிருந்தே கேமுக்குள் நின்றாள். படத்தைக் கீழே இறக்குங்கள்.

றெஜி, நான் ஒன்றையும் அழிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டேன், உன்னுடையது உன் மேசையிலேயே இருக்கிறது. மெற்றில்டா இதை வாசித்த பிறகு படலையைத் திறப்பாளோ தெரியாது. திறந்தால், சனிக்கிழமைகளில் வந்து கை உடைந்த கதிரையிலேயே இருப்பேன். மவுஸ் பக்கம் நகரமாட்டேன், எட்டித்தான் பிடிப்பேன். எங்கட ஆளையும் அவளையும் பாலத்தைத் தாண்ட வைப்பேன். மடத்துத் துறவி, துறைமுகத்துக் கள்ளன், எல்லாரிடமும் திரும்பப் போவேன். இனி ஒரு பதிலையும் விடமாட்டேன். சத்தமாக, எல்லாவற்றையும், ராசா வந்தால் சம்மாட்டியின் குரலில் வாசிப்பேன்.

கீழே என் பெயரை எழுதினேன். அழித்தேன். பெயர் போட்டால் குழுவில் நாலு பேர் அனுதாபம் சொல்லுவார்கள், நாலு பேர் ஏசுவார்கள், இரண்டுக்கும் நான் பதில் எழுதிக்கொண்டிருப்பேன். உன் மச்சான் என்று மட்டும் போடலாமா என்று பார்த்தேன். அதற்கும் கை வரவில்லை. பெயர் காட்டாமல் பதிவிட இந்தக் குழுவில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத்தான் அழுத்தப் போகிறேன். இதுவும் ஒரு வரியை மறைப்பதுதான், எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியை மட்டும் நீயே வாசித்துக்கொள்.